உன் தங்கச்சி கப்பலேறாத கதை

தம்பி பிரகாஷ், கோபம் ஆறியிருந்தால் மேலே படி. ஆறவில்லை என்றால் முதலில் சாப்பிட்டுவிட்டு வா. பசியோடு கோபப்படுகிற பழக்கம் உனக்கு உன் அம்மாவிடமிருந்து வந்தது. வெறும் வயிற்றில் உங்கள் இருவரிடமும் யாரும் நியாயம் பேச முடியாது. நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. உன் தங்கச்சி கீர்த்தனா அனுப்புகிற செய்திகளைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கிறாயாம். இந்த நேரம் பார்த்து நம் ஊர்த் தமிழ்ச் சங்கத்தார், ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வந்து நின்றார்கள். எனக்குக் கட்டுரை எல்லாம் வராது, மகனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது, அதைப் போடுவீர்களா என்றேன். போடுகிறோம் என்றார்கள். போர்ட் பிளேர் ஷாதிபூரில் இருக்கும் உன் சித்தி ஒரு பிரதி வாங்கி உனக்கு அனுப்பாமல் விடமாட்டாள். போனில் வருகிற அப்பாவை நீ துண்டித்துவிடலாம், அச்சில் வருகிற அப்பாவை என்ன செய்வாய்?

கடைசியாகப் பேசியபோது நீ கேட்டது ஒரே கேள்வி. போர்ட் பிளேர் ஸ்பெஷல் வகுப்பில் கீர்த்தனா சேரப்போவதில்லை என்று நான் சொன்னதும் உன் பக்கம் சத்தமே இல்லை. இங்கே லைன் போவது வழக்கம்தானே என்று நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன். லைன் போகவில்லை. “அவளுக்கு அது வேணாம்னா, அப்ப நான் போனது எதுக்குப்பா?” என்று கேட்டாய். அதோடு வைத்துவிட்டாய். நான் ஜெட்டியில் கப்பல் கயிறு பிடித்துக் கட்டுகிற லஸ்கர். கயிறு வந்தால் உடனே பிடிக்கத் தெரியும், கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லத் தெரியாது. எனக்குப் பதில் எல்லாம் மறுநாள்தான் வரும். இது கொஞ்சம் கூடுதலாகவே தாமதமாகி வந்திருக்கிறது. ஆனால் பதில் இருக்கிறது, தம்பி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதமும்.

மலரைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு போர்ட் பிளேரில் ஒரு பள்ளியில் தனித் தேர்வு வைக்கிறார்கள். தீவு தீவாக இருந்து பிள்ளைகள் வந்து எழுதுகிறார்கள், தேறுகிறவர்கள் மிகக் கொஞ்சம். அவர்களுக்கு மட்டும் பதினொன்றும் பன்னிரண்டும் தனி வகுப்பு. நல்ல ஆய்வகம், மருத்துவத்துக்கும் இன்ஜினியரிங்குக்கும் பயிற்சி, தங்க ஹாஸ்டல். பாதி வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு மெயின்லேண்டுக்குக் கிளம்பிவிடாத ஆசிரியர்கள். இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிது என்பது சின்னத் தீவுகளில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே அது நல்ல வகுப்பு. அதில் எனக்குச் சந்தேகம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து அதில் சேர்ந்த முதல் பிள்ளை நீ. நீ இன்று சென்னையில் இன்ஜினியராக இருக்கிறாய் என்றால் அந்த வகுப்பு போட்ட அஸ்திவாரம்தான். இதை மறைத்துவிட்டு நான் வாதாட வரவில்லை.

கீர்த்தனாவின் பெயர் பட்டியலில் வந்த அன்று நம் ஊர் ஹட் பே பஜாரே நம் வீட்டு விஷயமாகிவிட்டது. டீக்கடை மண்டல் பாபு என்னைக் கடைக்குள் இழுத்து உட்காரவைத்து, ரசகுல்லாவை என் வாயில் திணித்துவிட்டு, “அரே பாய், தோனோ பச்சா! தோனோ!” என்று எல்லோரிடமும் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பிள்ளைகளுமே, இரண்டு பேருமே என்று அவருக்குத் தாங்கவில்லை. உன் அம்மா அன்றைக்கே கடைக்குப் போய்ப் புதுப் பெட்டி வாங்கிவிட்டாள். நீ அங்கிருந்து போன் மேல் போன் போட்டு, எந்தப் புத்தகம் வாங்க வேண்டும், முதல் மாதம் ஹாஸ்டல் வேண்டாம், சித்தி வீட்டிலிருந்து போய்வரட்டும், அங்கே யார் எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாய். கீர்த்தனாவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். குதித்தாள் என்றே சொல்ல வேண்டும். அவளுக்கு ஜெயிக்கப் பிடிக்கும். கேரம் போர்டில் என்னைத் தோற்கடித்துவிட்டு அவள் போடுகிற ஆட்டம் உனக்குத் தெரியாததா?

நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: கிடைக்குமா, கிடைக்காதா? கிடைத்த பிறகு கேட்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டோம். கஷ்டப்பட்டுக் கிடைக்கிற பொருள் எதுவாக இருந்தாலும் அது நமக்கு வேண்டிய பொருள்தான் என்று எப்படியோ மனதில் பதிந்துவிடுகிறது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் என்ன வந்து இறங்கினாலும் இங்கே சனங்கள் முண்டியடித்து வாங்குவார்கள், வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்த பிறகுதான் இதை என்ன செய்வது என்று யோசிப்பார்கள். அந்தக் கதைதான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கீர்த்தனா, “அங்க சயின்ஸ் மட்டும்தானாம்மா?” என்று கேட்டாள். “பின்ன? இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஆர்ட்ஸ் படிக்கப் போறியா?” என்று உன் அம்மா ரசத்தை ஊற்றினாள். பேச்சு அதோடு முடிந்தது. நானும் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சேர்க்கைக்குப் பெற்றோரோடு நேரில் வரவேண்டும், இன்ன தேதிக்குள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தேன். லீவு போட்டேன். எந்த ஜெட்டியில் அழுக்குச் சட்டையோடு நிற்பேனோ அதே ஜெட்டியில் அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு பயணியாக நின்றேன். கூட வேலை செய்கிற தாஸ், “க்யா பாத் ஹை சாப்!” என்று எனக்கு சலாம் போட்டுக் கிண்டல் செய்தான். உன் அம்மா கட்டுச்சோறாகப் புளிச்சோறு கிளறி, அப்பளம் பொரித்து, கப்பலில் வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்துவைத்திருந்தாள். தென்மேற்குக் காற்று ஆரம்பித்திருந்த நேரம். கடல் கரும்பச்சையாகக் கிடந்தது. எத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கிறேன், பார்த்ததுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று நான் கடலைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பிடித்துக்கொண்டு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தாஸ் மைக்கைப் பிடித்தான். கடல் ரஃப், இன்று ஜஹாஸ் போகாது, கேன்சல்.

வரிசையே சலித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள், கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்கள், எல்லோரும் வானத்தைத் திட்டினார்கள். உன் அம்மாவும், “அடக் கடவுளே, இப்படிப் பண்ணிட்டானே” என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. கை அதற்குள் பையைத் திறந்து சோற்றுப் பொட்டலத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தது. நான் பெரிதாகப் பெருமூச்சு விட்டு, தலையில் கைவைத்து, ஒரு தகப்பன் இந்த மாதிரி நேரத்தில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியெல்லாம் இருந்து பார்த்தேன். ஆனால் உள்ளே என்ன நடந்தது தெரியுமா? காலையிலிருந்து நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது, அந்த ஆள் எழுந்து போய்விட்டான். கீர்த்தனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாவம், அழப்போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போனால் களுக்கென்று சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல் பெட்டி மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “என்னடி?” என்று அதட்டப்போன உன் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் ஜெட்டி ஷெட்டிலேயே உட்கார்ந்து, கப்பலுக்குக் கட்டிய சோற்றைக் கரையில் இருந்தே சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான புளிச்சோறு நான் சமீபத்தில் சாப்பிட்டதில்லை. ஏன் சந்தோஷமாக இருக்கிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

தேதி தவறப்போகிறது, இடம் போய்விடும், பழி கடல் மேல் விழும், நம் மேல் ஒன்றும் இல்லை. இதுதான் எங்கள் மூன்று பேர் மனதிலும் ஓடியது. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிக்கூட முடிக்கவில்லை, போன் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து மேடம். நல்ல மனுஷி, மலையாளி, நிதானமாக இந்தியில் பேசினார். கப்பல் ரத்தானது எங்களுக்குத் தெரியும், தீவுகளிலிருந்து வர வேண்டிய பிள்ளைகளுக்கு நாள் கொடுத்திருக்கிறோம், பயப்படாதீர்கள், அடுத்த கப்பலில் வந்தால் போதும் என்றார். நன்றி சொல்லி வைத்தேன். விஷயத்தை வீட்டில் சொன்னேன். உன் அம்மா போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கீர்த்தனா பெட்டியைப் பார்த்தாள். நல்ல சேதி சொன்ன வீடு மாதிரியா இருந்தது? எனக்கே என்னைப் பார்த்து வெட்கமாக இருந்தது, தம்பி. கடல் நமக்காகச் சொல்லிவிட்டது என்று நினைத்த ‘வேண்டாம்’ இப்போது நம் வாயால் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அடுத்த போன் உன்னுடையது. உனக்கு விஷயம் எப்படித் தெரிந்ததோ. “கப்பல எல்லாம் நம்பாதீங்கப்பா. ஹெலிகாப்டர்ல சீட் கிடைக்குதான்னு பார்க்கச் சொல்லியிருக்கேன். நாளைக்கே கிளம்புங்க” என்றாய். உன் குரலில் இருந்த அவசரம் எனக்குப் புரிந்தது. தங்கச்சி மேல் நீ வைத்திருக்கிற பாசமும் புரிந்தது. சரி என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால் அவள் கதவுப் பக்கம் நிற்கிறாள். “சரின்னு ஏன்ப்பா சொன்னீங்க?” என்றாள். “பின்ன என்ன சொல்லணும்?” என்றேன். “என்னைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லணும்” என்றாள். அம்மா ஈரக்கையோடு வெளியே வந்தாள். அதற்கப்புறம் நம் வீட்டு முன்னறையில் நடந்ததை ஒரு கோர்ட் என்றே சொல்ல வேண்டும்.

உன் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் நீதிபதி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். “சொல்லு. வேணாம்னா முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு எழுதுன?”

“கிடைக்குதான்னு பார்க்கத்தான்ம்மா எழுதினேன். எல்லாரும் எழுதினாங்க, நானும் எழுதினேன். கிடைச்சதும் சந்தோஷமாதான் இருந்துச்சு. அது ஜெயிச்ச சந்தோஷம். அங்க போய்ப் படிக்கிற சந்தோஷம் இல்ல.”

“இப்ப தெரியுதா வித்தியாசம்?”

“கப்பல் கேன்சல்னதும் தெரிஞ்சுச்சு.”

“என்ன படிக்கணும் உனக்கு?”

“இங்கயே ஆர்ட்ஸ். அப்புறம் லா.”

உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் மின்விசிறியைப் பார்த்தேன். எனக்கு ஆச்சரியம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. போன வருடம் டிக்கெட் கவுண்டர் வரிசையில் நடந்தது ஞாபகம் வந்தது. அதை நீ பார்த்ததில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெங்காலிப் பெண் விடியற்காலையிலிருந்து நிற்கிறாள், தடித்தடியாக நாலு ஆட்கள் அவளைத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். கீர்த்தனா அவர்களிடம் இந்தியில் சண்டை பிடித்தாள், பயந்துபோன அந்தப் பெண்ணிடம் நகராதீர்கள் என்று பெங்காலியில் சொன்னாள், நடுவில் புகுந்து சமாதானம் பேசப்போன என்னைப் பார்த்து, “நீங்க சும்மா இருங்கப்பா” என்று தமிழில் அடக்கினாள். மூன்று பாஷையிலும் ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அந்த ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போய்விட்டார்கள். இந்த வாய் இவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று அன்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வாயை வைத்துத்தான் இவள் பிழைக்கப்போகிறாள் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

உன் அம்மா லேசில் விடுகிற ஆளா? கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள். நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாயே, அதே கேள்விகள்தான். நாளைக்கு மனசு மாறினால் என்ன செய்வாய்? சயின்ஸ் எடுத்தவர்கள் பிறகு சட்டமும் படிக்கலாம், ஆர்ட்ஸ் எடுத்துவிட்டு டாக்டராக முடியுமா? உன் கூடப் படித்தவர்கள் டாக்டராகி வந்து நிற்கும்போது உனக்கு வலிக்காதா? கீர்த்தனா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சில பதில் நன்றாக இருந்தது, சில பதில் பதினாறு வயதுப் பதில். “வலிக்கும்மா. ஆனா பிடிக்காததைப் படிச்சுட்டு அதுல நடுவுல எங்கயோ நிக்கிறதும் வலிக்கும்ல?” என்றாள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “அப்போ பெட்டி?” என்றாள். புதுப் பெட்டிக்கு என்ன வழி என்று கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, தீர்ப்பு ஆகிவிட்டது என்று.

கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். நான் என்ன சொல்லுவது? எனக்கு என் அப்பா அம்மாதான் நினைவுக்கு வந்தார்கள். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து அரசாங்கம் அவர்களைக் கப்பலில் ஏற்றி இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்தபோது நான் இடுப்புக் குழந்தை. கப்பலேறுகிறவரை எந்தத் தீவு, என்ன வேலை என்று சரியாகத் தெரியாது என்று அப்பா சொல்லுவார். கெட்ட இடத்தில் கொண்டுவிட்டார்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தோட்ட வேலையும் வீடும் கிடைத்தது, பிள்ளைகள் படித்தோம். ஆனால் “எங்கள யாரும் கேக்கல” என்பதை மட்டும் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். நல்லதே நடந்தாலும் கேட்காமல் நடந்தால் அது மனதில் ஒட்டுவதில்லை போலிருக்கிறது. நான் கீர்த்தனாவிடம், “கேட்டாச்சு. நீ சொல்லியாச்சு. நாளைக்கு என்னைக் குறை சொல்லாதே” என்றேன். “சொல்லுவேன்ப்பா, ஆனா லா படிச்சிட்டு முறையா சொல்லுவேன்” என்றாள். பார், எப்படிப்பட்டதைப் பெற்று வைத்திருக்கிறோம்.

மறுநாள் காலையில் நானே மேடத்துக்குப் போன் செய்தேன். திட்டுவார், வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்து, இந்தியில் என்ன சொல்லுவது என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை எல்லாம் பார்த்தேன். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிள்ளை சொன்னதா, நீங்கள் சொல்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். பிள்ளைதான் என்றேன். “தப் டீக் ஹை,” அப்படியென்றால் சரி என்றார். காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பிள்ளை கச்சல் தீவில் இருக்கிறதாம், உடனே கூப்பிட்டுச் சொல்லுகிறேன் என்றார். போனை வைத்த பிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கச்சலில் ஏதோ ஒரு வீட்டில் அன்று போன் அடித்திருக்கும். கிடைக்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து ஓடியிருப்பார்கள். நம் வீட்டில் யாருமே சந்தோஷப்படாத அந்த இடத்துக்காக அங்கே ஒரு வீடே அழுது சிரித்திருக்கும். அதை நினைக்க நினைக்க எனக்கு மனது லேசாகிக்கொண்டே போனது. ஒன்றை விடுகிறோமே என்ற உறுத்தல்கூட அப்போதுதான் போயிற்று.

நாங்கள் செய்தது சரி என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். இரண்டு வருடம் கழித்துத் தெரியலாம், இருபது வருடம் கழித்துத் தெரியலாம், தெரியாமலே போகலாம். அவள் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். பொலிட்டிகல் சயின்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் குடிமகனின் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறாள், மீன் துண்டு பெரியதாக வேண்டும் என்பதும் அதில் ஒன்றாம். வீடு கலகலவென்று இருக்கிறது. நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். உன் அம்மா புதுப் பெட்டியில் போர்வைகளை அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். மண்டல் பாபு மட்டும் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவர் கடை இடப் பிரச்சினை விஷயமாக ஒரு மனு எழுத வேண்டியிருந்தது, கீர்த்தனாவிடம் வந்து எழுதிக்கொண்டு போனார். இப்போது அவர் எல்லோரிடமும் வக்கீல் பேட்டி, நம் வக்கீல் மகள் என்கிறார். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும், பெரிய படிப்புக்கு வழி வரும். அப்போது உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ரிசல்ட் வந்த அன்று பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடிவு எடுக்காதே. அன்று எல்லாப் பிள்ளையும் சிரிக்கும். தடங்கல் வந்த அன்று பார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். தங்கச்சிக்கு வேண்டாமென்றால் நான் போனது எதற்கு என்று கேட்டாய். இரண்டு வருடம் வீட்டுச் சோறு இல்லாமல், காய்ச்சலில் தனியாகப் படுத்து, சித்தி கொடுக்கிற கஞ்சியைக் குடித்துவிட்டுப் பரீட்சை எழுதியதெல்லாம் வீணா என்று நீ நினைக்கிறாய். அவள் வேண்டாம் என்று சொன்னது உன் வாழ்க்கையைப் பார்த்துச் சொன்ன மாதிரி உனக்குப் பட்டுவிட்டது. உன் இடத்தில் நான் இருந்தாலும் எனக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். ஆனால் நீ ஒன்றை மறந்துவிட்டாய். மறக்கட்டும் என்று நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம், வளர்ந்த பிள்ளையிடம் சொன்னால் கூச்சப்படுவாய் என்று.

நீ கிளம்பிய நாளிலும் கப்பல் ரத்தானது, தம்பி. இதே ஜெட்டி, இதே மாதிரிக் காற்று. எனக்கு அன்று டியூட்டி. கயிற்றைப் போட்டுவிட்டு உன்னிடம் வந்து, இன்று ஜஹாஸ் இல்லை, வா வீட்டுக்குப் போகலாம் என்றேன். நீ அழுதாய். மீசை அரும்பிய பையன், அத்தனை பேர் பார்க்க, டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாய். அம்மா சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுவந்தாள், தட்டிவிட்டாய். “டிங்கியில போகலாம்ப்பா. மீன்காரங்க போறாங்கல்ல, கேளுங்கப்பா” என்றாய். அந்தக் கடலில் ஒரு சின்ன டிங்கிப் படகில் போர்ட் பிளேருக்கு! மாலைவரை உன்னை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. அடுத்த கப்பலில் எப்படியும் ஏற்றிவிடுகிறேன் என்று நான் உன் தலையில் கைவைத்துச் சொன்ன பிறகுதான் எழுந்தாய். வீட்டுக்கு வந்தும் போட்ட சட்டையைக் கழற்றவில்லை. நம்மை விட்டுப் போக இவனுக்கு இவ்வளவு அவசரமா என்று உன் அம்மா அடுப்படியில் அழுதாள். அவள் அழுதது உனக்குத் தெரியாது.

உன்னைக் கெட்டிக்காரன் என்பதற்காக நாங்கள் அனுப்பவில்லை, ஊர் மெச்சியதற்காகவும் அனுப்பவில்லை. அன்று நீ அழுத அழுகையைப் பார்த்த பிறகு உன்னை இங்கே வைத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை என்று தெரிந்தது. அதனால் அனுப்பினோம். ஒரே ஜெட்டியில், ஒரே மாதிரி ஒரு கேன்சலில், அவள் சிரித்தாள், நீ அழுதாய். நீ போனது அந்த அழுகைக்காகத்தான், தம்பி. அதே நாள் திரும்பி வந்தால் அதே பிள்ளையை மறுபடியும் அனுப்புவேன்.